கண்காட்சியும் பண்பாட்டுப் பரிவர்த்தனையும்: ஹவானா ஈராண்டுக் கண்காட்சியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1

பல்வேறு நாட்டுக் கலைஞரை ஓரிடத்திற் கூட்டி நடத்தப்படும் சமகாலக் கலைக் கண்காட்சிகள் இன்று எல்லாக் கண்டங்களிலும் பெருகியுள்ளன. அவற்றைத் திறந்துவைப்போரும் அவற்றுக்குப் பணம் வழங்குவோரும் தவறாது எடுத்தாளுஞ் சொற்றொடர் ‘பண்பாட்டுப் பரிவர்த்தனை’ என்பதாகும். சொல் இனியது, ஆயினும் விளக்கத்தை வேண்டி நிற்பது. பரிவர்த்தனை என்பது அடிப்படையிற் சந்தைக்குரிய கருத்தாகும். சந்தையிற் சந்திக்கும் இருவர் சமமானோராகவும், தத்தம் விருப்பின்படி கொடுத்து வாங்குவோராகவும் தோற்றமளிப்பர். அத்தோற்றத்தின் பின்னால், உற்பத்திச் சாதனங்கள் எவர் கையில் உள்ளன என்ற வினா மறைந்து கிடப்பதை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதலாந் தொகுதியில் எடுத்துக்காட்டினார். கலைப்படைப்புகளின் பரிவர்த்தனையையும் இவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்தாகும். கலைஞர் பலர் ஒரே கூரையின் கீழ் நின்றனர் என்பது கொண்டு அவர்கள் சமமாக உரையாடினர் எனக் கொள்ளுதல் இயலாது. அழைத்தவர் யார், தெரிவு செய்தவர் யார், செலவை ஏற்றவர் யார், கண்காட்சி முடிந்தபின் எஞ்சியது யாது என்பன அறியப்படுதல் வேண்டும்.

சர்வதேசக் கண்காட்சியின் வரலாறு இத்தேவையை உணர்த்துகின்றது. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற மாபெருங் கண்காட்சியில், குடியேற்ற நாடுகளின் கைவினைகள் பேரரசின் செல்வவளத்துக்குச் சான்றாக அடுக்கப்பட்டன. 1889ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் குடியேற்ற நாட்டு மக்களே காட்சிப் பொருளாயினர். 1895இல் தொடங்கிய வெனிஸ் ஈராண்டுக் கண்காட்சியில், 1907ஆம் ஆண்டு பெல்ஜியம் தனக்கென ஒரு மண்டபத்தை எழுப்பியது முதலாகத் தேசிய மண்டபங்கள் வளர்ந்தன. நிலமும் நிதியும் உள்ள நாடு தனக்கென வீடு கட்டிக்கொண்டது. ஏனையவை வாடகைக்கு இடந்தேட வேண்டியனவாயின. 1951இல் சாவோ போலோவும் 1968இல் புதுடில்லியின் மூவாண்டுக் கண்காட்சியும் கண்காட்சியின் களத்தை ஐரோப்பாவுக்கு வெளியே நகர்த்தின. எனினும் தேசங்கள் அணிவகுத்து நின்று பரிசுக்குப் போட்டியிடும் முறை உடனடியாக மாறிவிடவில்லை.

2

இப்பின்னணியிலேயே ஹவானா முக்கியத்துவம் பெறுகின்றது. 1983ஆம் ஆண்டு கியூப அரசு விஃப்ரெடோ லாம் நிலையத்தை நிறுவியது. அதன் தலையாய பணியாக ஹவானா ஈராண்டுக் கண்காட்சி 1984இல் ஆரம்பமாயிற்று. நிலையத்துக்கு லாமின் பெயர் இடப்பட்டமை தற்செயலானதன்று. சீனத் தந்தைக்கும், ஆபிரிக்க ஸ்பானிய மரபினரான தாய்க்கும் 1902இற் பிறந்த லாம், மட்ரிட்டிலும் பாரிசிலும் வாழ்ந்து, பிக்காசோவின் நட்பைப் பெற்று, 1941இல் தாயகம் மீண்டவர். கரும்புத் தோட்டமும் ஆபிரிக்கத் தெய்வ மரபும் மனித உருவங்களும் பின்னிக் கிடக்கும் ‘காடு’ என்னும் அவரது ஓவியத்தை நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 1945இல் வாங்கியது. ஆயினும் நீண்ட காலமாக அது பிக்காசோ முதலியோரின் அறைகளில் இடம்பெறவில்லை. பார்வையாளர் தம் மேலங்கிகளை ஒப்படைக்கும் அறைக்குச் செல்லும் வழியில் மாட்டப்பட்டிருந்தது. படைப்பு வாங்கப்பட்டது, வரலாற்றில் அதற்குரிய இடம் வழங்கப்படவில்லை. சமனற்ற பரிவர்த்தனைக்கு இதனினுந் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முதலாவது ஹவானா கண்காட்சி இலத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியப் பிரதேசத்துக்கும் உரியதாக அமைந்தது. 1986இல் நடைபெற்ற இரண்டாவது கண்காட்சி ஆபிரிக்காவையும் ஆசியாவையும் மத்திய கிழக்கையும் உள்ளடக்கியது. 57 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 690 கலைஞர் அதில் இடம்பெற்றனர். இவ்வெண்ணிக்கையிலும் முக்கியமானது தொடர்பின் திசையாகும். அதுகாறும் லாகோசின் ஓவியர் டில்லியின் ஓவியரை அறியவேண்டின், லண்டன் அல்லது பாரிஸ் வழியாகவே அறிய நேர்ந்தது. ஏகாதிபத்தியம் அமைத்த கடற்பாதைகளைப் போன்றே கலைப்பாதைகளும் தலைநகரங்களை நோக்கியே ஓடின. ஒடுக்கப்பட்ட நாடுகளிடையே நேரடிப் பாதை ஒன்றை வகுக்க முயன்றமையே ஹவானாவின் முதற் சாதனையாகும்.

3

1989ஆம் ஆண்டு ஒப்புநோக்குக்கு வாய்ப்பானது. அவ்வாண்டு மே மாதம் பாரிசின் பொம்பிடு நிலையத்திலும் லா வில்லெற் மண்டபத்திலும் ‘மண்ணின் மந்திரவாதிகள்’ எனப் பொருள்படும் பெயருடன் ஒரு பெருங் கண்காட்சி திறக்கப்பட்டது. அதனைத் தொகுத்த ஜோன்-யூபேர் மார்தன், மேற்கைச் சேர்ந்தோர் பாதியும் ஏனையோர் பாதியுமாக நூறு கலைஞரளவில் ஒன்றுசேர்த்தார். அவுஸ்திரேலியாவின் யுவெண்டுமு ஆதிக்குடியினர் நிலத்தில் வரைந்த ஓவியமும், ஆங்கிலக் கலைஞர் ரிச்சர்ட் லோங் அதற்கு மேலான சுவரிற் சேற்றால் வரைந்த பெருவட்டமும் ஒரே பார்வையில் அமைந்தன. மேற்கின் பெருநூதனசாலை ஒன்று இத்துணைப் பரந்த அளவில் ஏனைய உலகத்தின் வாழுங் கலைஞரை ஏற்றமை ஒரு முன்னேற்றமே என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயின் தெரிவின் அளவுகோல் யாது? மேற்கின் கலைஞர் நவீன வரலாற்றில் வினையாற்றும் தனியாட்களாகத் தெரிவாயினர். ஏனைய உலகத்தவரிற் பெரும்பாலோர் சடங்கினதும் சமூக மரபினதும் காவலராகத் தெரிவாயினர். கலைக்கல்லூரிகளிற் பயின்று, நவீனத்துவத்துடன் போராடித் தமக்கெனக் கலைமொழி அமைத்த ஆபிரிக்க ஆசிய ஓவியருக்கு அங்கு மிகக் குறைந்த இடமே கிடைத்தது. ஒருவருக்கு வரலாறும் மற்றவருக்கு மாந்திரிகமும் பங்கிடப்பட்டன. கண்காட்சியிற் பங்குபற்றியவரும் ‘மூன்றாம் பிரதி’ எனப் பொருள்படும் பெயருடைய ஆங்கில ஆய்விதழை 1987இல் நிறுவியவருமான ரஷீத் அராயீன் இதனை வன்மையாகக் கண்டித்தார்.

அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மூன்றாவது ஹவானா கண்காட்சி திறக்கப்பட்டது. லிலியன் லியானெசின் தலைமையில், ஹெரார்டோ மொஸ்கேரா முதலியோர் அடங்கிய குழு அதனை அமைத்தது. பரிசுகள் கைவிடப்பட்டன, நாடுவாரியான பிரிப்பும் கைவிடப்பட்டது. ‘மரபும் சமகாலத்தன்மையும்’ என்னும் பொருளை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 300 கலைஞரின் ஆக்கங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. பயிற்சி பெற்ற ஓவியரின் படைப்புகளுடன், ஆபிரிக்கச் சிறுவர் கம்பியாற் செய்த விளையாட்டுப் பொருள்களும், வெனிசுவேலா நாட்டுப்புறக் கைவினைஞர் மரத்திற் செதுக்கிய பொலிவார் உருவங்களும் வைக்கப்பட்டன. பாரிசிலும் நாட்டுப்புற ஆக்கங்கள் இருந்தன அல்லவா என வினவலாம். வேறுபாடு இதுவே: ஹவானாவில் மரபு என்பது நவீனத்துக்கு அப்பாற்பட்ட தூய்மையாகக் கொள்ளப்படவில்லை. எறியப்பட்ட கம்பியில் மோட்டார் வண்டி செய்யும் சிறுவன் கைத்தொழில் உலகின் நடுவில் வாழ்பவன். அவனது மரபு அவ்வுலகுடன் அவன் கொண்ட உறவிலேயே பிறக்கின்றது. பொலிவாரைச் செதுக்கும் கைவினைஞரும் அவ்வாறே ஓர் அரசியல் வரலாற்றைக் கையாள்பவர். மரபை இயங்கியல் நோக்கிற் காணுதல் என்பதன் பொருள் இதுவாகும்.

மேலும், ஹவானாவிற் கண்காட்சி என்பது சுவரில் மாட்டுதலுடன் நிறைவுறவில்லை. பட்டறைகளும் கருத்தரங்குகளும் அதன் உறுப்புகளாயின. இந்திய விமர்சகர் கீதா கபூர் 1989ஆம் ஆண்டின் அரங்கிற் கட்டுரை படித்தார். காட்சிப்படுத்தப்படுவோர் என்ற நிலையிலிருந்து கருத்துரைப்போர் என்ற நிலைக்குக் கலைஞரும் விமர்சகரும் உயர்ந்தனர். எம்மைப் பொறுத்தவரை, பரிவர்த்தனையின் உரைகல் இங்கேயே உள்ளது. பொருள் இடம்பெயர்வது மட்டும் பரிவர்த்தனை ஆகாது. அதனை விளக்கும் உரிமையும் கைமாறுதல் வேண்டும்.

4

இவ்வளவுடன் நிறுத்தின் நாம் புகழுரை எழுதியவராவோம். ஹவானாவின் சாதனைக்கு ஆதாரமாயிருந்த பொருளியல் அடித்தளத்தையும் நோக்க வேண்டும். கியூபாவின் சீனிக்குச் சோவியத் ஒன்றியம் வழங்கிய சலுகை விலையே அந்நாட்டின் பண்பாட்டுச் செலவினத்தையும் தாங்கியது. மூன்றாவது கண்காட்சி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, 1989 நவம்பர் 9ஆம் நாள், பேர்லின் மதில் திறக்கப்பட்டது. 1991இற் சோவியத் ஒன்றியம் கலைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தகத் தடை ஏலவே நிலவிய நாட்டில், ‘விசேட காலம்’ எனப்பட்ட கடும் பற்றாக்குறை தோன்றியது. 1990இல் டுசல்டோர்ப் நகரிற் காட்டப்பட்ட கியூப இளங்கலைஞரின் ஆக்கங்களிற் பெரும்பகுதியை ஜேர்மனியச் சாக்லேற் தொழிலதிபர் பீற்றர் லூட்விக் வாங்கினார். 1995இல் அவரது பெயரால் ஹவானாவில் ஒரு நிறுவனமும் எழுந்தது. சந்தைக்கு மாற்றாகப் பிறந்த மேடை, சந்தை தன் சரக்கைத் தெரியும் இடமாகவும் மாறத் தொடங்கியது. இதற்காகக் கலைஞரைக் குறைகூறுதல் பொருந்தாது. அடித்தளம் தகரும்போது மேற்கட்டுமானம் முன்போல் நிற்காது.

மற்றைய முரண்பாடு அரசுக்கும் கலைஞருக்கும் இடைப்பட்டது. 2009ஆம் ஆண்டின் பத்தாவது கண்காட்சியில் தானியா புருகேரா ஒரு மேடையையும் ஒலிவாங்கியையும் அமைத்து, விரும்பிய எவரும் ஒரு நிமிடம் தணிக்கையின்றிப் பேசலாம் என்றார். பலர் பேசினர். கண்காட்சியின் ஏற்பாட்டுக் குழு பின்னர் அதனைக் கண்டித்து அறிக்கை விடுத்தது. 2014 டிசம்பரில் அதனையே புரட்சிச் சதுக்கத்தில் நிகழ்த்த முற்பட்டபோது அவர் தடுத்து வைக்கப்பட்டார். 2018ஆம் ஆண்டின் 349ஆம் இலக்க ஆணை, கலைநிகழ்வுகளுக்கு அரச அனுமதியை வலியுறுத்தியது. 2021 ஜூலை மாத ஆர்ப்பாட்டங்களை அடுத்து வந்த பதினான்காவது கண்காட்சியைப் புறக்கணிக்குமாறு கலைஞர் பலர் கோரினர். ஏகாதிபத்திய முற்றுகையைக் காரணங்காட்டி இவற்றை மறைத்தல் முற்போக்காளர் செயலன்று. வெளிநாட்டுக் கலைஞருடன் உரையாட மேடை தரும் அரசு, தன் நாட்டுக் கலைஞருடன் உரையாட மறுப்பின், அப்பரிவர்த்தனை அரைகுறையானதே.

5

ஹவானாவின் வினாக்கள் பின்னர் மேற்கின் மையங்களுக்கே சென்றன. ஜேர்மனியின் காசல் நகரில் 1955ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் டொக்குமெண்டாவின் பதினோராவது கண்காட்சியை 2002இல் நைஜீரியரான ஒக்வி என்வேசர் தொகுத்தார். வியன்னா, பேர்லின், புதுடில்லி, சென் லூசியா, லாகோஸ் ஆகிய இடங்களில் முன்னதாகவே அரங்குகளை நடத்தி, காசலில் நடந்த கண்காட்சியை அத்தொடரின் இறுதி அரங்காக்கினார். 2022இல் இந்தோனேசியாவின் ருவாங்ருபா என்னும் கலைஞர் குழு பதினைந்தாவது கண்காட்சியைப் பொறுப்பேற்றது. கிராமத்தார் தம் உபரி நெல்லைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியமான ‘லும்பூங்’ அவர்களது கோட்பாடாயிற்று. அழைக்கப்பட்ட குழுக்கள் நிதியின் ஒரு பகுதியைக் கூடிப்பேசித் தாமே பங்கிட்டன. உற்பத்திச் சாதனத்தின் மீதான உரிமை என்ற வினா இங்கு நேரடியாக எழுப்பப்பட்டது.

ஆயினும் தாரிங் பாடி குழுவினர் சுகார்ட்டோவின் இராணுவ ஆட்சியைக் கண்டித்து 2002இல் ஆக்கிய பெருந்திரையில் யூதரை இழிவுபடுத்தும் உருவங்கள் காணப்பட்டன. அத்திரை முதலில் மூடப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டது. குழுவினர் மன்னிப்புக் கோரினர். யூத வெறுப்பின் உருவமரபு ஐரோப்பாவில் வளர்ந்தது. அது ஆசிய மக்கள் இயக்கத்தின் பதாகையிற் புகுந்து, நாசிசத்தின் கொடுமை நிகழ்ந்த மண்ணுக்கே திரும்பி வந்தது. ஒடுக்கப்பட்டோர் ஆக்கியது என்பதனால் ஓர் உருவம் குற்றமற்றதாகிவிடாது. உருவங்கள் தம் வரலாற்றைச் சுமந்தே எல்லை கடக்கின்றன. அவ்வரலாற்றைக் கற்றறியும் உழைப்பின்றி நல்லெண்ணம் மட்டும் பரிவர்த்தனையை ஈட்டித் தராது.

6

இவ்வினாக்கள் எமக்கு அயலானவையல்ல. கொழும்பில் 1943ஆம் ஆண்டு தோன்றிய ‘43 குழு’வின் நிறுவக உறுப்பினருள் ஒருவரான ஐவன் பீரிஸ் தம் வாழ்வின் பெரும்பகுதியை இங்கிலாந்திற் கழித்தார். 1989 நவம்பரில் அராயீன் லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்தில் ‘மற்றைய கதை’ எனப் பொருள்படுங் கண்காட்சியைத் தொகுத்து, போருக்குப் பிந்திய பிரித்தானிய நவீன கலையில் ஆபிரிக்க ஆசியக் கலைஞரின் பங்கை நிறுவியபோது, அவர்களுள் ஐவன் பீரிசும் இடம்பெற்றார். அவர் கலையின் வரலாற்றினுள் வாழ்ந்துகொண்டே அதன் ஏடுகளுக்கு வெளியே விடப்பட்டவர்.

மொழியாலும் இனத்தாலும் பிளவுண்ட எமது நாட்டிற் கலைஞர் சந்திப்புகள் இன்றியமையாதன. ஆனால் தலைநகரின் குழுவொன்று தெரிவு செய்து, வெளிநாட்டு நிதியில், ஆங்கிலத்தில் மட்டும் விளக்கம் எழுதப்பட்டு நடைபெறும் சந்திப்பில், யாழ்ப்பாணத்தின் அல்லது மட்டக்களப்பின் ஓவியர் மீண்டும் காட்சிப் பொருளாகவே நிற்பார். தெரிவுக் குழுவில் அவருக்கு இடமும், விளக்கக் குறிப்பில் அவரது மொழியும், கண்காட்சி முடிந்தபின் தொடரும் பட்டறையும் இருக்குமாயின் நிலை வேறாகும். ஹவானா 1989இற் காட்டிய வழி இதுவே. பின்னர் அது தவறிய இடங்களும் இவ்வழியின் இன்றியமையாமையையே உணர்த்துகின்றன. சமத்துவமின்மையைக் கண்காட்சி ஒழித்துவிடாது. அது சமூக மாற்றத்தின் பணி. ஆயினும் அதனை மூடிமறைக்கும் திரையாகாது, அதனைக் கண்டு பேசும் களமாகக் கண்காட்சியை ஆக்குதல் கலைஞருக்கும் விமர்சகருக்கும் இயலுவதாகும். அதனைச் செய்யும் பொறுப்பும் அவர்களுடையதே.