தானே அணையும் கெட்டில்

நம் செம்பவாங் வட்டாரத்தில் நெருப்பில்லாமலே வெந்நீர் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. 1909ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட வெந்நீர் ஊற்றே அது. முன்னாளில் அதனைச் சூழ்ந்திருந்த சிற்றூருக்குக் கம்போங் ஆயர் பானாஸ் என்று பெயர். ‘ஆயர் பானாஸ்’ என்றால் மலாய் மொழியில் வெந்நீர் என்பது பொருள். 2020ஆம் ஆண்டு முதல் அவ்விடம் பூங்காவாக விளங்குகிறது. ஊற்று நீரின் வெப்பம் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ். அதில் முட்டையை வேகவைக்கலாம். ஆனால் அந்நீர் கொதிப்பதில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய நம் தீவில் நீர் கொதிக்க 100 பாகை வேண்டும்.

அந்த நிலைக்கு நீரைச் சில நிமிடங்களில் கொண்டு செல்கிறது நம் வீட்டு மின்சாரக் கெட்டில். அதன் அடியிலுள்ள கம்பியில் மின்சாரம் பாயும்போது கம்பி சூடேறி, அச்சூட்டை நீருக்குத் தருகிறது. 2,000 வாட் ஆற்றலுள்ள கெட்டிலில் ஒன்றரை லிட்டர் நீர் கொதிக்க ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் ஆகும். கொதித்ததும் ‘டக்’கென்ற ஓசையுடன் கெட்டில் தானே அணைந்துவிடுகிறது. நீர் கொதித்துவிட்டது என்பதை அது எவ்வாறு அறிகிறது?

அது நேரத்தைக் கணக்கிடுகிறதா? இல்லை. ஒரு கோப்பை நீர் விரைவில் கொதிக்கும். நிறைய நீர் மெதுவாகக் கொதிக்கும். அப்படியானால் 100 பாகை வந்ததும் அணைகிறதா? அதுவும் இல்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா, கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஊர். அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். 100 பாகைக்காகக் காத்திருக்கும் கெட்டில் அங்கே அணையவே அணையாது. ஆனால் நாம் பயன்படுத்தும் அதே வகைக் கெட்டில் அவ்வூரிலும் முறையாக அணைகிறது. ஏனெனில் அது எதிர்பார்த்திருப்பது நீராவியையே.

நீர் கொதிக்கும்போது மிகுதியான ஆவி மேலெழுகிறது. மூடி மூடியிருந்தால் அந்த ஆவியில் ஒரு பகுதி, உள்ளே மேற்புறத்திலுள்ள சிறு துளை வழியாக விசையிருக்கும் இடத்தை அடைகிறது. அங்கே காசளவில் ஓர் உலோகத் தகடு உண்டு. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், அது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்யப்பட்டது. சூடேறினால் ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் விரிவடையும். ஒட்டியிருப்பதால் அவை பிரிய முடியாமல் வளைகின்றன. தகர மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டப்’பென்று உட்குழிகிறதன்றோ? அதுபோலவே இத்தகடும் சட்டென வளைந்து விசையைத் தட்டிவிடுகிறது. மின்சாரம் நின்றுவிடுகிறது. தகடு ஆறும்வரை விசையை மீண்டும் அழுத்தினாலும் அது நிற்காமைக்குக் காரணம் இதுவே.

இந்த ஈருலோகத் தகடு புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர், கப்பலில் கொண்டு செல்லும் கடிகாரம் வெப்ப மாறுதலால் பிழைபடாதிருக்கப் பித்தளையையும் எஃகையும் இணைத்து இதனை அமைத்தார். கப்பல் பட்டறைக்குப் பெயர்பெற்ற நம் செம்பவாங்கில் இச்செய்தி நினைவிற்கொள்ளத் தக்கது. கடலுக்காகப் பிறந்த கருவி 1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனத்தாரால் கெட்டிலுக்குள் வந்து சேர்ந்தது.

இனி, நாம் முக்கியமாக அறியவேண்டியது ஒன்று உண்டு. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் மூடியைத் திறந்தபடியே விசையை அழுத்திவிட்டு அகன்றால் என்ன ஆகும்? ஆவி வெளியே போய்விடும், தகட்டை அடையாது. கெட்டில் அணையாமல் கொதித்துக்கொண்டேயிருக்கும். மேற்சொன்ன ஒன்றரை லிட்டர் நீரும் அரைமணி நேரத்தில் வற்றிவிடும். அந்நிலையில் காப்பாற்றுவதற்கெனக் கெட்டிலின் அடியில் மற்றொரு ஈருலோகத் தகடு உண்டு. நீரற்ற அடிப்பாகம் அளவுமீறிச் சூடேறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆயினும் அது ஆபத்துக் காவலனே. அன்றாடம் வேலை வாங்கத் தக்கதன்று.

ஆகவே மூடியை நன்றாக மூடுவோம். உள்ளே குறித்துள்ள மேல் கோட்டைத் தாண்டி நீர் ஊற்றாதிருப்போம்; தாண்டினால் கொதிநீர் வெளியே சிதறும். தேவையான அளவே நீர் ஊற்றினால் மின்கட்டணமும் குறையும். வாங்கும்போது சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி உள்ளதா எனப் பார்ப்போம். ஈரக்கையால் பிளக்கைத் தொடோம். சிறுவர் எட்டி இழுக்கும்படி மின்கம்பியைத் தொங்கவிடோம். எவர் மீதேனும் கொதிநீர் பட்டுவிட்டால், பற்பசை முதலியவற்றைப் பூசாமல், புண்ணை 20 நிமிடங்கள் குழாய் நீரில் காட்டிப் பின் மருத்துவரை நாடுவோம்.

கெட்டில் அணைந்துவிட்டது, அதனுள் இருக்கும் நீரோ இன்னும் கொதிநீரே. தானே அணைவது கெட்டிலின் வேலை; கவனமாக இருப்பது நம் வேலை.