அரிதாக ஓட்டப்படும் மகிழுந்துக்கான வரியும் காப்பீடும் (தமிழ்நாடு)

ஒரே குடும்பத்தில் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு வண்டி இருக்க, எப்போதாவது மட்டும் எடுக்கப்படும் இரண்டாவது மகிழுந்து தமிழ்நாட்டில் தனி வகையாகக் கருதப்படுவதில்லை. வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது வரிக்கோ கட்டாயக் காப்பீட்டுக்கோ அளவுகோல் அன்று. மதுரை மாவட்டத்தில் டி.என். 58, 59, 64 ஆகிய எண்களில் பதிவான மகிழுந்துகளுக்கும் இதே விதிகள் பொருந்தும்.

வரி

தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம், 1974-இன்படி, சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துக்குப் பதிவின்போதே வாழ்நாள் வரி செலுத்தப்படுகிறது. 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதம் வருமாறு:

5 லட்சம் ரூபாய் வரை: 12%
5 முதல் 10 லட்சம் வரை: 13%
10 முதல் 20 லட்சம் வரை: 18%
20 லட்சத்துக்கு மேல்: 20%

இரண்டாவது வண்டி என்பதற்காகக் கூடுதல் வரி இல்லை; ஓட்டாமல் வைத்திருந்த ஆண்டுகளுக்குக் கழிவும் இல்லை. பிரித்தானியாவில் வண்டியைச் சாலையில் எடுப்பதில்லை என அறிவித்து வரிவிலக்குப் பெறலாம். தமிழ்நாட்டு மகிழுந்துகளுக்கு அத்தகைய முறை இல்லை.

விசாகப்பட்டினம் உருக்காலையின் மூடிய வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய வாகனங்களுக்கு அக்காலத்துக்கு வரி விதிக்க முடியாது என 2025 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆந்திரச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. வாழ்நாள் வரியை முன்கூட்டியே செலுத்திவிட்ட வீட்டு மகிழுந்துக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு.

பதிவுப் புதுப்பிப்பு

பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் சேரும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி, டயர், பிரேக் ஆகியவற்றை அதற்குமுன் சரிபார்ப்பது நல்லது. புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

கட்டாயக் காப்பீடு

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆவது பிரிவு, பொது இடத்தில் பயன்படுத்தப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய்; 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய்.

அபராதத்தைவிடப் பெரிய இடர் இழப்பீடு. காப்பீடு இல்லாத வண்டியால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை உரிமையாளரே கொடுக்க நேரும்.

தெருவில் நிற்கும் வண்டி

பொதுமக்கள் சென்றுவரும் உரிமையுள்ள சாலையும் தெருவும் சட்டப்படி பொது இடங்களே. பழங்காநத்தம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வண்டி நிறுத்த இடமில்லாத வீடுகள் உண்டு. அங்கே வண்டி தெருவிலேயே நிற்பதால், ஓட்டவில்லை என்ற வாதம் பாதுகாப்பாகாது. சாலையோரம் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணிநேரத்துக்குப் பின் வெடித்த வழக்கில், நகராமல் கிடந்த வண்டியும் 'பயன்பாட்டில்' இருந்ததாகவே கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது.

செலவைக் குறைக்கும் வழிகள்

- சொந்தச் சேதக் காப்பீடு கட்டாயமில்லை. பழைய வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுக்கலாம். ஆனால் திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது.
- ஓடும் தூரத்துக்கேற்ற கட்டணத் திட்டங்களையும், ஒருவரின் பல வண்டிகளுக்கான ஒரே பாலிசியையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 சூலையில் அனுமதித்தது. இவை சொந்தச் சேதப் பகுதிக்கே பொருந்தும்.
- உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டிகள் பல இருந்தாலும் ஒன்றே போதும்.
- முழுக் காப்பீடு காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், 50% வரை சேர்ந்திருக்கக்கூடிய 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும்.

இனி ஓட்டவே இயலாத வண்டியின் பதிவை 55-ஆவது பிரிவின்கீழ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்கிக்கொள்ளலாம். அதுவரை வண்டிக்கான பொறுப்பு, பதிவுச் சான்றில் பெயருள்ளவரையே சேரும்.