உளநூலும் ஆசிரியர் தொழிலும்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் சிம்பாங் ரெங்கம். பழைய நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமுக்கும் கூலாய்க்கும் இடையே, ரெங்கம் செல்லும் பாதை பிரியுமிடத்தில் அமைந்தது. 'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்பது பொருள். இரப்பர், செம்பனை, அன்னாசித் தோட்டங்கள் சூழ்ந்த அப்பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலாயும் கேட்டுப் பழகுகிறது. பள்ளியில் அவ்விரண்டோடு ஆங்கிலமும் பயில்கிறது. அத்தகைய பிள்ளை ஒன்று, ஆசிரியர் வினவும்போது வாய் திறவாது நிற்கிறது எனக் கொள்வோம். விடை தெரியாமையால் நிற்கிறதா? தெரிந்தும் ஏற்ற சொல் அகப்படாமையால் நிற்கிறதா? அன்றி, அச்சத்தால் நிற்கிறதா? புறத்தே காணப்படும் மௌனம் ஒன்று. அகத்தே அதற்குரிய காரணம் மூன்றனுள் எதுவுமாகலாம்.

பிறர் மனத்தை அறிவது எங்ஙனம் என்பது மனத்தைப் பற்றிய மெய்ப்பொருளாராய்ச்சியின் தலையாய வினாக்களுள் ஒன்று. இதனைப் பல்கலைக்கழகத்தார் மட்டுமே ஆராய்தற்குரிய பொருள் எனக் கருதுவோர் பலர். இவ்வாராய்ச்சிக்கும் ஆசிரியர் தொழிலுக்கும் உள்ள உறவு எத்துணை நெருங்கியது என்பதனை ஓர் இளம் விரிவுரையாளரின் வரலாறு காட்டும். அவரே பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராக விளங்கிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

சைதாப்பேட்டை விரிவுரைகள்

திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் மெய்ப்பொருளியல் பயின்றார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமுண்டா என்னும் வினாவை ஆராய்ந்து முதுகலைப் பட்டத்துக்கென அவர் எழுதிய கட்டுரை 1908-இல் வெளியாயிற்று. மறு ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் பணியேற்றார். பட்டம் இருப்பினும் ஆசிரியப் பயிற்சி வேண்டும் என்பது அக்கால விதி. ஆதலின் 1910-இல் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடன் பயின்றோருக்கு அவர் உளநூல் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளே 1912-இல் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. 'உளநூலின் அடிப்படைகள்' என்று அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் கூறலாம்.

வேதாந்த அறிஞர் எனப் பின்னர் உலகம் போற்றிய ஒருவருடைய தொடக்கக் கால நூல்களுள் ஒன்று, ஆசிரியராகப் போவோர்க்காகப் பேசப்பட்ட பேச்சிலிருந்து பிறந்தது. இதில் வியப்பில்லை. அந்நாளில் உளநூல் மெய்ப்பொருளியலின் ஒரு கிளையாகவே இந்தியக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளநூலுக்குத் தனித்துறை தோன்றியது 1916-இல்தான். 1921-இல் அதே பல்கலைக்கழகத்தில் இராதாகிருஷ்ணன் ஏற்ற ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியர் பதவியும் 'மன, ஒழுக்க இயல்' என்னும் பெயரையே தாங்கியிருந்தது.

அழுவதால் துயரமா, துயரத்தால் அழுகையா?

அக்காலத்து உளநூலார் இடையே நிலவிய விவாதங்களுள் ஒன்று இது. துயரம் வந்தது, அதனால் அழுகிறோம் என்பது பொது வழக்கு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் இதனைத் தலைகீழாக்கினார். உடலில் மாறுதல் முதலில் நிகழ்கிறது. அம்மாறுதலை உணர்வதே துயரம் என்றார். உடல் மாறுதல் அனைத்தையும் நீக்கிவிட்டால் அச்சம் என்றோ சினம் என்றோ சொல்ல எதுவும் எஞ்சாது என்பது அவர் வாதம்.

தமிழாசிரியர்க்கு இவ்விவாதம் முற்றும் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. உள்ளத்தில் நிகழ்வது உடலின்கண் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலாக எட்டினை வகுத்த ஆசிரியர், ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள் கூறினார். அழுகை ஒன்றே, ஆயின் பிறர் இகழ்தலால் வருவதும், உரியதை இழத்தலால் வருவதும், முன்னைய நிலை தாழ்தலால் வருவதும், வறுமையால் வருவதும் வெவ்வேறு. கண்ணீரை மட்டும் கண்டு காரணத்தைத் துணிதல் கூடாது என்பது இதனால் பெறப்படும். அச்சத்தின் களன்களுள் தம்மினும் மேலான தலைவரும் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. வகுப்பறையில் பிள்ளைக்கு அந்நிலையில் நிற்பவர் ஆசிரியரே அல்லவா?

புறச்செயல் போதுமா?

இராதாகிருஷ்ணன் நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1913-இல், ஜான் வாட்சன் என்னும் அமெரிக்கர் உளநூலின் போக்கையே மாற்ற முற்பட்டார். மனம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதலின் காணத்தக்க நடத்தையை மட்டுமே ஆராய்தல் வேண்டும் என்றார். 1949-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் கில்பர்ட் ரைல், உடல் என்னும் பொறிக்குள் மனம் என வேறொன்று ஒளிந்திருப்பதாக எண்ணுவதே பிழை என்று எழுதினார். ஒருவனை அறிவுடையவன் என்பது, அவன் செயல்களை இன்னவாறு செய்ய வல்லவன் என்று கூறுவதே அன்றி, உள்ளே மறைந்து கிடக்கும் ஒரு பொருளைச் சுட்டுவதன்று என்பது அவர் கொள்கை.

இக்கொள்கைக்கு ஒரு வலிமை உண்டு. ஆராய்ச்சி கண்கூடான சான்றுகளோடு நடைபெறும். குறையும் உண்டு. 1980-இல் ஜான் சேர்ல் என்னும் அமெரிக்க அறிஞர், புறச்செயல் ஒன்றே அறிவுக்குச் சான்றாகாது என்பதனைக் காட்ட ஒரு கற்பனை எடுத்துக்காட்டுக் கூறினார். சீனமொழி அறியாத ஒருவன் அடைத்த அறைக்குள் இருக்கிறான். வெளியிலிருந்து சீன எழுத்தில் வினாத்தாள்கள் வருகின்றன. எந்த எழுத்து வந்தால் எந்த எழுத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என விதிநூல் ஒன்று அவன் கையில் இருக்கிறது. அதன்படி அவன் அனுப்பும் விடைகள் யாவும் சரியாகவே அமைகின்றன. வெளியே இருப்போர் அவனைச் சீனம் கற்றவன் என்றே எண்ணுவர். அவனோ ஒரு சொல்லும் அறியான். கணிப்பொறி விடையளிப்பதனாலேயே அது பொருள் உணர்ந்ததாகாது என்பது சேர்லின் முடிபு. அதனை மறுப்போரும் உளர். அறைக்குள் இருப்பவன் அறியாவிடினும், அவனும் விதிநூலும் சேர்ந்த முழு அமைப்பும் அறிகிறது என்பது அவர்கள் விடை. இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

பொருள் அறியாது மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு பெறும் மாணவன் அந்த அறைக்குள் இருப்பவனை ஒத்தவன். விடை தெரிந்தும் சொல் எழாது நிற்கும் மாணவன் இதற்கு நேர்மாறானவன். முன்னவனிடம் விடை உண்டு, உணர்வு இல்லை. பின்னவனிடம் உணர்வு உண்டு, விடை இல்லை. மதிப்பெண்ணை மட்டும் நோக்கும் ஆசிரியர் இருவரையும் பிழைபடவே மதிப்பிடுவார். பின்னவனுக்கு நேரும் இழப்பு பெரிது. மந்தன் என்று ஒருமுறை பெயர் பெற்ற பிள்ளை, நாளடைவில் தன்னையும் அவ்வாறே எண்ணத் தலைப்படும்.

உட்கருவி நான்கு

சைவ சித்தாந்த நூல்கள் கூறும் பகுப்பு ஈண்டுத் துணைசெய்யும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என உட்கருவிகள் நான்கு. மாலை இருளில் மரவரிசையிடையே ஏதோ அசைகிறது. ஆளோ நிழலோ என ஐயுறுவது மனம். நான் இதனை அறிவேன் என எழுவது அகங்காரம். ஆள்தான் எனத் துணிவது புத்தி. இவற்றுக்கெல்லாம் இடமாகச் சிந்திப்பது சித்தம். இவை நான்கும் கருவிகளே. அறியும் உயிர் வேறு என்பது அந்நூல்களின் துணிபு. உயிர் வேறு என்னும் முடிபை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கொள்கை. எனினும் அறிதல் என்பது ஒரே செயலன்று, பல படிகளை உடையது என்னும் உண்மை எவர்க்கும் பயன்படும். ஐயுறும் படியில் நிற்கும் பிள்ளைக்குக் காலம் வேண்டும். துணிந்தும் 'நான் அறிவேன்' என எழ அஞ்சும் பிள்ளைக்கு ஊக்கம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது.

இதனை நடைமுறையில் கொள்ளுதல் அரிதன்று. வாயால் சொல்லாததை எழுதச் செய்யலாம். எழுத வராததைப் படமாக வரையச் செய்யலாம். மலாயில் தடுமாறுவதைத் தமிழில் சொல்லவிட்டுப் பின்னர் மலாய்க்குக் கொணரலாம். மனப்பாடமாக ஒப்புவிப்பவனிடம் அதே கருத்துக்குத் தன் வீட்டுச் செய்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கேட்கலாம். ஒரு மெய்ப்பாட்டுக்குப் பல நிலைக்களன் உண்டு என அறிந்தவர் ஒரு சான்றோடு அமையார்.

இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாள் 1962 முதல் இந்தியாவில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மலேசியாவில் ஆசிரியர் தினம் மே 16. எந்நாளில் கொண்டாடினும், சைதாப்பேட்டையில் வருங்கால ஆசிரியர்கள் கூடிக் கேட்ட பாடத்தின் தேவை குறையவில்லை. பிறர் மனத்தை நேரே காணும் கண் எவர்க்கும் இல்லை. ஆதலால், தீர்ப்புக் கூறுமுன் மீண்டும் ஒருமுறை வினவுதல் ஆசிரியர்க்குக் கடனாகிறது.