பிள்ளைகளுக்கு முதலுதவி தெரியுமா?

ஜோகுபாளையத்தில் தகப்பனார் வேலைக்கும் தாயார் வீட்டு வேலைக்கும் போனபின், பல வீடுகளில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்த பிள்ளைதான். வெந்நீர் கொட்டிவிட்டால் முதலில் ஓடிவருவதும் அந்தப் பிள்ளைதான். வந்து என்ன செய்யும்? பற்பசை தடவும், இல்லையேல் காப்பித்தூளைத் தூவும். இரண்டுமே தவறு.

இதே நிலை அகதிப் பிள்ளைகளுக்கு இன்னும் கடுமையானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழர்கள் மண்டபம் முதலிய முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரிட்டது. அங்கும் பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட்டால், ஆபத்து நேரத்தில் பக்கத்தில் இருப்பது பள்ளிப் பிள்ளையே.

ஆகவே, அப்பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று சோதித்துப் பார்ப்பது அவசியம். ‘முதலுதவி என்றால் என்ன?’ என்று கேட்டால் ஒப்பித்துவிடுவார்கள். செய்து காட்டச் சொல்ல வேண்டும். தீப்புண்ணா? குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ரத்தமா? சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மின்சாரம் தாக்கிற்றா? தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பாம்புக்கடியா? கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கைகாலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாதாரண மக்களுக்கு இதெல்லாம் வருமா என்பவர்களுக்கு 1971 பதில் சொல்கிறது. வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்காள முகாமில் காலரா பரவியது. ஊசி வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரை, உப்பு, சோடா உப்புக் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் படித்த நர்சுகள் அல்லர், அகதிகளே.

வயிற்றுப்போக்குக்கு இன்றும் அதே வழிதான். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

முகாம் பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையை நம் வீட்டிலும் இன்றிரவே வைக்கலாம். 108க்குப் போன் செய்து, வீட்டு அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியுமா என்றும் கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் அதட்டாதீர்கள், சொல்லிக் கொடுங்கள். நாளைப் பகலில் வீட்டில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.