ஜெனரல் பெட்டிக்கும் நஷ்ட ஈடு உண்டு

2023 ஜூன் 2-ந் தேதி பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் உள்பட 3 ரயில்கள் சிக்கிய விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிலிருந்து, ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள் டிக்கெட் ஜன்னலில் கேட்கும் கேள்வி: "இதற்கு இன்ஷூரன்ஸ் உண்டா, சார்?"

ஜன்னல் டிக்கெட்டுக்குக் கிடையாது. ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் பதிவு செய்து, இடம் உறுதியானவருக்கும் ஆர்.ஏ.சி. கிடைத்தவருக்கும்தான். கட்டணம் ஒரு ரூபாய்க்கும் குறைவு. உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம்.

ஜெனரல் பெட்டியில் நின்றுகொண்டே போகிறவர்? அவருக்குச் சட்டம் இருக்கிறது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, விபத்தில் இறந்தாலும், ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தாலும் 8 லட்சம். ஓராண்டுக்குள் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் டிக்கெட் வாங்கிய பிரயாணி என்று முதலில் சொல்ல வேண்டியது குடும்பம்தான். சட்டைப் பையோடு டிக்கெட்டும் போய்விட்டால், ஊரிலிருக்கும் மனைவி எதைக் காட்டுவாள்?

வண்டி நகருமுன் டிக்கெட்டைச் செல்போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.