ஒரு புள்ளியை மாற்றிப் படித்தால் 39 கி.மீ தள்ளிப்போகும் படகு! - பழவேற்காடு சொல்லும் அட்சரேகைப் பாடம்

பொன்னேரியிலிருந்து வரும் சாலை திருப்பாலைவனத்தைத் தாண்டினால், கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரி. அதன் முகத்துவாரத்துக்கு அப்பால் வங்கக் கடல். ஒருகாலத்தில் கலங்கரை விளக்கத்தையும் மரங்களையும் அடையாளம் வைத்துக் கரை திரும்பிய மீனவர்களின் ஃபைபர் படகுகளில், இப்போது கையடக்க ஜி.பி.எஸ் கருவியும் ஏறிவிட்டது. அது காட்டுவது இரண்டே எண்கள்தான். ஒன்று அட்சரேகை, இன்னொன்று தீர்க்கரேகை. ஸ்கூலில் மேப் வரைந்து மார்க் வாங்கியதோடு நாம் மறந்துபோன அதே கோடுகள்!

பழவேற்காடு ஊரின் எண்கள்: வடக்கு 13.42, கிழக்கு 80.32.

முதல் எண், நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பது. இதற்குக் கருவியே தேவையில்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அந்த இடத்தின் அட்சரேகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால் சுமார் 10 டிகிரி. அதன்மேல் இரண்டு விரல் வையுங்கள். பழவேற்காட்டில் துருவ நட்சத்திரம் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது எண்தான் மனிதர்களைப் படாத பாடு படுத்தியது. லண்டனிலுள்ள கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே என்பதை வானத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. துல்லியமான கடிகாரமும் வேண்டும். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. நம் இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பழவேற்காடு அதற்கு 2 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாக மேற்கே இருப்பதால், அந்தக் கோட்டைவிட இங்கே சூரியன் சுமார் 9 நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும்.

1613-ல் இதே பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களுக்குக் கடலில் அட்சரேகை தெரியும். தீர்க்கரேகை கிட்டத்தட்ட குத்துமதிப்புதான். அவர்களின் ‘படாவியா’ கப்பல், ஜாவாவுக்குப் போகும் வழியில் 1629-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அருகே பவளத்திட்டில் மோதி உடைந்தது. அவ்வளவு கிழக்கே வந்துவிட்டதை மாலுமிகள் அறியவில்லை. ஆடும் கப்பலிலும் நேரம் தவறாத கடிகாரத்தை ஜான் ஹாரிசன் செய்து முடிக்க, 18-ம் நூற்றாண்டு வரை உலகம் காத்திருந்தது.

இன்று அந்தச் சிக்கல் இல்லை. வேறொன்று இருக்கிறது.

போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் வருவது தசம டிகிரி: 13.42. கடலில் புழங்கும் கணக்கோ டிகிரி, நிமிடம். (இது கடிகார நிமிடம் அல்ல, ஒரு டிகிரியை 60 ஆகப் பிரித்தால் வருவது.) ஆக, 13.42 என்பது 13 டிகிரி 42 நிமிடம் கிடையாது! புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும். 0.42-ஐப் பெருக்கினால் 25.2. அதாவது, 13 டிகிரி 25.2 நிமிடம்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு நாட்டிகல் மைல், சுமார் 1.85 கி.மீ. எஞ்சின் நின்றுபோன படகிலிருந்து ஒருவர் போனில் “13.42, 80.32” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையில் இருப்பவர் அதை டிகிரி, நிமிடமாக எழுதிக்கொண்டால்? வடக்கே 31 கி.மீ, கிழக்கே 23 கி.மீ. நேர்க்கோட்டில் ஏறக்குறைய 39 கி.மீ தள்ளி, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எதிரே நடுக்கடலில் தேடுவார்கள். ராக்கெட் ஏவுதளங்கள் இருப்பதும் 13 டிகிரி 43 நிமிடத்தை ஒட்டித்தான். ஏவும் நாளில் எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதே டிகிரி, நிமிடக் கணக்கில்தான் வருகிறது.

புள்ளிக்குப் பின்னால் 60-க்கு மேல் இருந்தால் அது நிமிடமாக இருக்க முடியாது என்று உடனே பிடித்துவிடலாம். பழவேற்காட்டின் 42, 32 இரண்டுமே 60-க்குள் இருப்பதுதான் வம்பு. கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

ஆபத்தில் கடலோரக் காவல் படையின் 1554 என்ற இலவச எண்ணை அழைக்கும்போது “பதிமூன்று புள்ளி நாற்பத்திரண்டு” என்று நிறுத்தாமல், “பதிமூன்று டிகிரி, இருபத்தைந்து புள்ளி இரண்டு நிமிடம், வடக்கு” என்று முழுதாகச் சொல்லலாம். ஜி.பி.எஸ் கருவியின் செட்டிங்ஸில் எந்த முறையில் எண்களைக் காட்ட வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. படகில் போகிறவரும் கரையில் இருக்கும் வீட்டாரும் ஒரே முறையை வைத்துக்கொள்ள, கரையிலேயே ஐந்து நிமிடம் போதும். இது கடிகார நிமிடம்!