சிறு உற்பத்தியும் காணியுரிமையும்: புசல்லாவையை முன்வைத்துச் சில குறிப்புகள்

சிறுகைத்தொழில் முயற்சியாண்மை பற்றி எழுதுவோர் துணிவு, புதுமை நாட்டம் ஆகியவற்றைத் தனிமனித குணங்களாகவே எடுத்துரைப்பது வழக்கம். அக்குணங்கள் எத்தகைய உற்பத்தி உறவுகளுள் செயற்பட்டன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கண்டிச் சீமையின் தேயிலை வரலாறு இவ்வகையில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

1841இல் இலங்கை வந்த டி வோம்ஸ் சகோதரர், புசல்லாவையிலுள்ள தமது றொத்சைல்ட் தோட்டத்திற் சீனத் தேயிலைச் செடிகளை நட்டனர். மூலதனத்துக்குக் குறைவிருக்கவில்லை. எனினும் செய்த தூளின் அடக்கவிலை கட்டுபடியாகவில்லை. கோப்பியோ இலாபம் ஈட்டிக்கொண்டிருந்தது. முயற்சி கைவிடப்பட்டது.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவரது பங்களா விறாந்தையே தொழிற்சாலை. கொழுந்து மேசைமீது கையால் உருட்டப்பட்டு, களிமண் அடுப்பிற் கரிநெருப்பின்மேல் உலர்த்தப்பட்டது. 1872இல் தாமே வடிவமைத்த உருட்டும் பொறியுடன் அவர் தொழிற்சாலை நிறுவினார். மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை இலண்டன் சென்றது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்திராவிடின் இப்பட்டறை ஒருவரின் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கவும் கூடும். புதுமை மட்டும் ஒரு கைத்தொழிலைத் தோற்றுவிப்பதில்லை. பழைய இலாபத்தின் வீழ்ச்சியும் வேண்டியிருந்தது.

அந்தப் புதுமையாளரும் தோட்டத்தின் உடைமையாளர் அல்லர். சம்பளம் பெற்ற துரையே. 1892இல் தோட்டத்தை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்ட அவர், அவ்வாண்டிலேயே அங்கு காலமானார். துரைக்கே இந்நிலையெனின், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

வாட்டலின் பக்குவத்தைக் கைதொட்டும் நொதித்தலின் பதத்தை மணத்தாலும் அறியும் திறன் தலைமுறைகளாக இம்மக்களிடையே வளர்ந்தது. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் உழைத்தோருக்குக் காணி கிடைக்கவில்லை.

இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதியைத் தருவோர் சிற்றுடைமையாளர். அவர்களுட் பலர் தாழ்நிலத் தென்பகுதியினர். கொழுந்தைத் தனியார் தொழிற்சாலைக்கு விற்கும் அவர்களுக்கு ஒரு துண்டு நிலமாவது உண்டு. அதனை ஈடுவைத்துக் கடன் பெறலாம். லயத்தில் வாழ்பவர் எதனை ஈடுவைப்பார்? முயற்சியாண்மைப் பயிற்சி வகுப்புக்குச் சென்று திரும்பும் இளைஞர், ஒரு சிறு பட்டறைக்குக் கொட்டகை போடுவதாயினும் முதலில் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையே கேட்டு நிற்க வேண்டியுள்ளது.